எண்ணூருக்கு ஒரு கில்லி வேண்டுமா?

காசிமேட்டு ஏலத்தில் காலா மீனுக்கு ஒரு பெயர்தான். அதே மீன் தோலுரிந்து, துண்டாகி, ஐஸ் பெட்டியில் ஏறி நகரத்தின் பெரிய கடைகளுக்குப் போனால் 'இந்தியன் சால்மன்' ஆகிவிடுகிறது. அட்லாண்டிக் சால்மனுக்கும் காலாவுக்கும் பங்காளி உறவுகூடக் கிடையாது. காலாவின் நெஞ்சுத் துடுப்புக்குக் கீழே நான்கு இழைகள் மீசைபோல் தொங்கும். சால்மனுக்கு அது இல்லை. ஒரே ஒரு பழக்கம்தான் இரண்டுக்கும் பொது. இரண்டுமே கடலோடு நின்றுவிடாமல் முகத்துவாரம் தேடி வரும்.

இந்தப் பெயர்ப் பொருத்தத்தோடு ஒரு யோசனையும் சேர்ந்து வருகிறது. ராடும் ரீலுமாக ஞாயிற்றுக்கிழமைகளில் வடசென்னைக் கரையோரம் உட்கார்ந்திருக்கும் தூண்டில் பிரியர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அதைக் கேட்கலாம். கடலரிப்புக்காகக் கொட்டிய பாறைக் கரைக்கு அரசாங்கம் வைத்த பெயரே 'தூண்டில் வளைவு' என்பதால், அவர்கள் அங்கே உட்காருவது பொருத்தம்தான். அவர்கள் சொல்வது இது: ஸ்காட்லாந்திலும் ஐஸ்லாந்திலும் சால்மன் பிடிக்க வழிகாட்டியோடு ஆட்களை அழைத்துப் போகிறார்கள், பிடித்த மீனை விட்டுவிடுகிறார்கள், ஆறும் பிழைக்கிறது, ஊரும் பிழைக்கிறது. எண்ணூர்க் கழிமுகத்தில் கொடுவாவும் காலாவும் இருக்கும்போது இங்கே ஏன் அது முடியாது?

கேள்வி நியாயமானது. எடுத்த எடுப்பில் சிரித்து ஒதுக்க வேண்டியதில்லை.

சால்மன் தொழிலின் சூட்சுமம் அந்த மீனின் ஒரு விநோதத்தில் இருக்கிறது. கடலில் தின்று கொழுத்து, முட்டையிட ஆற்றில் ஏறும் சால்மன், ஆற்றுக்குள் இரை எடுப்பதில்லை. இறகும் நூலும் கட்டிச் செய்த பொய்ப் பூச்சியை அது பசியால் கவ்வுவதில்லை. எரிச்சலிலோ பழைய பழக்கத்திலோ கவ்வுகிறது. ஆகவே எந்தப் பாறையின் நிழலில் மீன் கிடக்கும், எந்த நீர்மட்டத்தில் அது அசையும் என்று தெரிந்த உள்ளூர் ஆள் இல்லாமல் வெளியூர்க்காரர் நாள் முழுக்க வீசினாலும் பயன் இல்லை. அந்த ஆளுக்கு ஸ்காட்லாந்தில் 'கில்லி' என்று பெயர். பையன், ஏவலாள் என்று பொருள்படும் கேலிக் மொழிச் சொல் அது. சென்னையில் கில்லி என்றால் என்ன பொருள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரே சொல் அங்கே ஏவலாள், இங்கே கெட்டிக்காரன். இந்த இடைவெளி நம் விஷயத்துக்குள்ளேயும் இருக்கிறது.

ஐஸ்லாந்தின் பேர்பெற்ற ஆறுகளில் ஒரு தூண்டிலுக்கு ஒரு நாள் வாடகை ஆயிரக்கணக்கான டாலர். அந்தப் பணத்தின் பலத்தில்தான் ஒர்ரி விக்ஃபுசன் என்ற ஐஸ்லாந்துக்காரர் 1989இல் வட அட்லாண்டிக் சால்மன் நிதியைத் தொடங்கினார். கடலில் சால்மனுக்கு வலை போடும் உரிமையை மீனவர்களிடமிருந்து காசு கொடுத்தே வாங்கி, வலையை நிறுத்தச் செய்தார். சட்டத்தால் அடித்துப் பிடுங்காமல் விலை பேசி வாங்கினார் என்பது இந்த வாதத்தின் பலமான பகுதி. உயிரோடு நீந்தும் மீனைப் பல பேருக்குப் பல முறை விற்கலாம், செத்த மீனை ஒரு முறைதான் விற்க முடியும் என்ற கணக்கு அங்கே கூடி வந்தது.

ஆனால் மீன் கூடவில்லை. ஸ்காட்லாந்தில் 2023இல் தூண்டிலில் அகப்பட்ட சால்மன் 32,477. 1952இல் கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து அதுவரை அதுவே மிகக் குறைவு. அகப்பட்டதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் திரும்ப ஆற்றில் விடப்பட்டவை. அப்படியும் இந்த நிலை. அதே ஆண்டு டிசம்பரில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அட்லாண்டிக் சால்மனை, கவலையில்லை என்ற வரிசையிலிருந்து அச்சுறுத்தலை நெருங்கும் இனங்களின் வரிசைக்கு மாற்றியது. 2006 முதல் 2020 வரை உலக அளவில் 23 சதவீதம் சரிவு. சூடேறும் கடலையும், வளர்ப்புப் பண்ணைகளிலிருந்து பரவும் மீன் பேன்களையும், ஆறுகளை மறிக்கும் அணைகளையும் கில்லியால் என்ன செய்ய முடியும்? வலையையும் திருட்டையும் அவனால் தடுக்க முடிந்தது. அவன் ஆற்றுக்கு வெளியிலிருந்து வந்த கேடு அவன் கைக்கு எட்டவில்லை.

நம் பக்கத்து அனுபவம் இன்னும் கூர்மையானது. காவிரியில் பீமேஸ்வரி, கலிபோர், தொட்டமாகலி என்று கர்நாடகப் பகுதியில் மகசீர் தூண்டில் முகாம்கள் நடந்தன. ராகி உருண்டையை இரையாகக் கட்டி, பரிசலில் போய், பெரிய மகசீரைப் பிடித்துப் படம் எடுத்து விட்டுவிடுவார்கள். முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்களே காவலாளிகளாகவும் வழிகாட்டிகளாகவும் மாறினார்கள். வெடி போடுவது அந்த எல்லைக்குள் குறைந்தது. இது உண்மையான சாதனை. ஆனால் அதே தூண்டில் உலகம், ஆற்றில் மீன் குறையக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், 1970களிலிருந்து லோனாவாலா குஞ்சுபொரிப்பகத்தின் நீலத்துடுப்பு மகசீரைக் காவிரியில் விடுவதற்கும் துணை நின்றது. வந்த மீன் பெருகியது. காவிரிக்கே உரிய திமில் மகசீர் தேய்ந்தது.

இது நமக்குத் தெரிந்ததே அந்த முகாமின் குறிப்பேட்டால்தான். கலிபோர் முகாமில் 1998 முதல் 2012 வரை என்ன மீன், எத்தனை எடை, எத்தனை மணி நேரத் தூண்டில் என்று எழுதி வைத்ததை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்து, திமில் மகசீர் அழிவை நோக்கிப் போகிறது என்று 2015இல் எழுதினார்கள். அப்போது அந்த மீனுக்கு உறுதியான அறிவியல் பெயர்கூட இல்லை. தமிழ்நாட்டு மோயாற்றில் கிடைத்த மீன்களை வைத்து 2018இல்தான் அது 'டார் ரெமாதேவி' என்று முடிவானது. வனவிலங்குச் சட்டத்தைக் காட்டி முகாம்கள் மூடப்பட்டபோது அந்தக் குறிப்பேடும் நின்றுபோனது. முகாமை மூடியதை விடவும் எனக்கு அதுதான் உறுத்துகிறது.

இனி எண்ணூர். கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் கடலைச் சந்திக்கும் அந்த இடத்தில் மீனுக்கு எதிரி யார்? காட்டுக்குப்பத்து மீனவரின் வலையா, இறாலைக் கையால் தடவிப் பிடிக்கும் இருளரா? தூண்டில்காரர்களின் கண்ணுக்கு எப்போதும் அவர்கள்தான் முதலில் படுவார்கள். 1873இல் 'தி ராட் இன் இந்தியா' எழுதிய மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் காலத்திலிருந்தே, சின்னக் கண்ணி வலைதான் ஆற்றைக் கெடுக்கிறது என்ற முறைப்பாடு உண்டு. காவிரியின் மடுவில் அதில் உண்மை இருக்கலாம். எண்ணூரில் இல்லை. இங்கே அனல்மின் நிலையத்தின் சாம்பல் கூழ் குழாய் வெடித்து ஆற்றுப் படுகையில் படிந்திருக்கிறது. 2017 ஜனவரி 28இல் இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் கழிமுகத்துக்கு இறங்கியது. கூழைக்கடாக்கள் கறுத்துப்போய் நின்றன. அரசு 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாயும் அறிவித்தது. அந்த மாதமே, டிசம்பர் 26 நள்ளிரவில், பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஊர் ஓடியது.

இதில் எதைத் தூண்டில் வாடகை தடுத்திருக்கும்? ஸ்காட்லாந்தின் ஆற்றில் ஒரு துண்டுக்கு ஒரு உரிமையாளர் இருப்பார். அவரிடம் பணமும் வழக்கறிஞரும் இருப்பார்கள். எண்ணூரில் துறைமுகமும் மின் நிலையமும்தான் கரையின் பெரிய மனிதர்கள். வார இறுதிக்கு வரும் நான்கு பேரின் வாடகை அவர்கள் வாசலைக்கூடத் தொடாது.

பிடித்து விடுவதிலும் ஒரு தொழில்நுட்பச் சிக்கல். கொடுவாவும் காலாவும் ஆணாகப் பிறந்து, வளர்ந்த பின் பெண்ணாகும் மீன்கள். ஆகவே பெரிய மீனை விட்டுவிடுவது, முட்டையைக் காப்பாற்றுவதற்குச் சமம். இது இந்த யோசனைக்கு ஆதரவான நல்ல காரணம். ஆனால் சோர்ந்த மீன் பிழைக்க, குளிர்ந்த, பிராணவாயு நிறைந்த நீர் வேண்டும். கனடாவின் மிராமிச்சி ஆற்றில் தண்ணீர் சூடானால் சால்மன் ஒதுங்கும் மடுக்களில் தூண்டிலையே நிறுத்திவிடுவார்கள். மின் நிலையத்தின் சுடுநீர் வந்து கலக்கும் கழிமுகத்தில், சித்திரை வெயிலில், படத்துக்காக இரண்டு நிமிடம் தூக்கிப் பிடித்த கொடுவா மீண்டும் நீந்தும் என்று என்னால் நம்ப முடியவில்லை. கலங்கிய நீரில் இறகுப் பூச்சியைக் காண மீனுக்குக் கண் தெரிய வேண்டும் என்பது வேறு.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. பழவேற்காட்டில் 'பாடு' என்ற முறைப்படி, எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை கட்டலாம் என்று ஊரே முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறது. அந்தக் கரையில் மீனவர் நீருக்குப் பங்காளி. வெளியார் குத்தகைக்கு எடுத்த தூண்டில் பயணத்தில் அவரே படகோட்டும் ஏவலாள் ஆகிவிடுவார். கில்லி என்ற சொல்லின் ஸ்காட்லாந்துப் பொருள் அப்போது எண்ணூருக்கு வந்துவிடும்.

என் தீர்ப்பு: எண்ணூர்க் கழிமுகத்தைக் காப்பாற்றும் வழியாக இந்த யோசனை தள்ளுபடி. குத்தகை, தனி எல்லை, வலைக்குத் தடை எதுவும் கூடாது. குப்பத்துக்காரர் தம் ஃபைபர் படகில், ஊர் வைத்த முறைப்படி, கழிமுகத்துக்குள் அல்லாமல் கடலில் பாறை மீனுக்கோ வஞ்சிரத்துக்கோ ஆட்களை அழைத்துப் போய்ச் சம்பாதித்தால் ஆட்சேபம் இல்லை. அது பக்க வருமானம், அவ்வளவே. அப்படிப் போகும் ஒவ்வொரு படகிலும் கலிபோரில் இருந்தது மாதிரி ஒரு குறிப்பேடு இருக்க வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை. மீன், நீளம், நேரம், தண்ணீரின் சூடு, எண்ணெய் வாடை உண்டா இல்லையா. அந்த ஏடு குப்பத்தின் கையில் இருக்க வேண்டும், பயண நிறுவனத்திடம் அல்ல. அடுத்த முறை எண்ணெய் இறங்கும்போது, முன்பு இங்கே என்ன மீன் இருந்தது என்று பசுமைத் தீர்ப்பாயத்தில் யாராவது கேட்பார்கள்.