அளவுகோலான அம்மா

1967இல் புரூனோ பெட்டல்ஹைம், ஆட்டிசத்துக்குத் தாயின் அன்பின்மையே காரணம் என்று நூலெழுதினார். அறிவியல் அதைக் கைவிட்டது. ஊர்வாய் இன்னும் கைவிடவில்லை.

‘அன்பின் ஹார்மோன்’ எனப்படும் ஆக்சிடோசினை, அமெரிக்காவில் 3 முதல் 17 வயதுவரையான 290 பிள்ளைகளைச் சேர்த்து 24 வாரம் சோதித்தார்கள். மூக்குவழி மருந்து பெற்றவர்களுக்கும் போலி மருந்து பெற்றவர்களுக்கும் பிறரோடு பழகுவதில் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை என 2021இல் முடிவு வந்தது. அளந்தது எது? பராமரிப்பவர் நிரப்பிய படிவம். சூலூரில் அந்தச் சொல்லுக்கு அம்மா என்றே பொருள். அவள் கண்தான் அளவுகோல். அவள் இழந்த தூக்கமும் விட்ட வேலையும் கணக்கில் இல்லை.

குடலைச் சரிசெய்வது என்றால் சுமை அடுப்படிக்கு வரும்: பால் கூடாது, கோதுமை கூடாது. பலனில்லையென்றால், “ஒழுங்கா குடுத்தியா?” என்பார்கள். மருந்து தோற்றால் தோற்றது மருந்துதான், அவளல்ல. அவள் உழைப்பையும் அளக்கும் ஆய்வு வரட்டும்.