'ரீவொர்க்' புத்தகமும் அஞ்சு பவுன் சங்கிலியும்

ஜேசன் ஃப்ரைடும் டேவிட் ஹைனமேயர் ஹான்சனும் எழுதிய 'ரீவொர்க்' (2010) புத்தகத்தைப் போன வாரம் மறுபடி வாசித்தேன். முதல் தடவை வாசித்தது 2013ல். வெளியார் முதலீடு வாங்காமல் சாஃப்ட்வேர் தொழில் செய்ய நினைப்பவர்களுக்கு எல்லாரும் முதலில் கைகாட்டும் புத்தகம் இது. நானும் பத்துப் பேருக்காவது சிபாரிசு செய்திருப்பேன். அந்தப் பத்துப் பேருக்காகவும்தான் இந்தப் பதிவு.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். புத்தகம் முழுக்க ஒன்றிரண்டு பக்க அத்தியாயங்கள்தான். உனக்கே தேவைப்படுகிற பொருளைச் செய். நிறைய வசதிகளை அரைகுறையாகத் தருவதைவிடப் பாதியை ஒழுங்காகத் தா. வேண்டாம் என்று சொல்லப் பழகு. ஐந்து வருடத் திட்டம் என்பது வெறும் ஊகம். பெரிதாவது மட்டுமே வெற்றி இல்லை. வெளியார் பணத்தை எல்லா வழியும் அடைபட்ட பிறகு யோசி. சாரம் இவ்வளவுதான்.

இதில் பலதும் எனக்குப் பலித்தது. வீரசோழனில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, அருப்புக்கோட்டை பக்கத்து வத்தல் கமிஷன் கடைகளுக்குக் கணக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறேன். சாக்கு எடை, கமிஷன், எடைக்கூலி, ஏற்கெனவே வாங்கிய முன்பணம் எல்லாம் கழித்து விவசாயிக்குச் சிட்டை போட்டுக் கொடுக்கும், அவ்வளவுதான் வேலை. ஒரு கடையில் ஆள் சம்பளக் கணக்கு வேணும்னாங்க. இன்னொரு கடையில் வட்டிக் கணக்கு கேட்டாங்க. இரண்டுக்கும் மாட்டேன் என்றேன். அன்றைக்குத் தலையாட்டியிருந்தால், கடைக்கு ஒரு சாஃப்ட்வேர் என்று ஆகி, எதையும் பராமரிக்க முடியாமல் போயிருக்கும்.

திட்டத்தைப் பற்றிச் சொன்னதும் சரிதான். 2017 ஜூலை 1ல் ஜிஎஸ்டி வந்தது. அதற்கு முன் நான் நோட்டில் எழுதி வைத்திருந்த எதுவும் உதவவில்லை. பில் வடிவம், வரிக் கணக்கு என்று எல்லாக் கடைக்காரரும் ஒரே வாரத்தில் போன் அடித்தார்கள்.

சரி, முரண்படுகிற இடத்துக்கு வருகிறேன்.

இந்த ஆசிரியர்களின் 37சிக்னல்ஸ் கம்பெனி 1999ல் சிகாகோவில் வெப் டிசைன் செய்து கொடுக்கும் இடமாகத் தொடங்கியது. வாடிக்கையாளர் வேலைகளை ஒழுங்குபடுத்தத் தங்களுக்காகச் செய்துகொண்ட கருவிதான் 2004ல் பேஸ்கேம்ப் என்று விற்பனைக்கு வந்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் சோறு போட்டது டிசைன் வேலை. பேஸ்கேம்ப் தன் காலில் நிற்கும்வரையும் அதே வேலைதான் தாங்கியது. 2006ல் ஜெஃப் பெசோஸ் சிறு பங்கு ஒன்றை வாங்கினார். அந்தப் பணம் கம்பெனி நடத்துவதற்கு இல்லை, நிறுவனர்கள் கைக்குப் போனது. தப்பே இல்லை. ஆனால் தலைமாட்டில் அப்படி ஒரு தலையணை இருக்கிறவர் 'அவசரப்படாதே' என்று சொல்வதும், கேஸ் சிலிண்டருக்குக் காசு எண்ணுகிறவர் அதைக் கேட்டுக்கொள்வதும் ஒன்றா?

இன்னொன்று, மாதச் சந்தா. ஒவ்வொரு மாதமும் கிரெடிட் கார்டிலிருந்து தானாகப் பணம் வரும் உலகத்தில் இருந்துகொண்டு எழுதிய புத்தகம் இது. இங்கே 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி அப்படி எடுக்க வாடிக்கையாளர் முன்பதிவு செய்து ஒப்புதல் தர வேண்டும். ஒவ்வொரு தடவையும் 24 மணி நேரம் முன்னால் அறிவிப்பு போக வேண்டும். 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒவ்வொரு முறையும் ஓடிபி. 2022ல் அந்த வரம்பு 15,000 ஆனது. இதெல்லாம் கார்டு வைத்திருப்பவர்களின் கவலை. என் கடைக்காரர்களுக்குச் சந்தா என்ற பேச்சே ஏறாது. இது வானம் பார்த்த பூமி. ஐப்பசி மழையை நம்பிப் போட்ட மிளகாய் மாசி, பங்குனியில்தான் பழுக்கும். புதுப்பிப்புத் தொகை கேட்டால், "தம்பி, வத்தல் வரத்து ஆரம்பிக்கட்டும், மொத்தமா வாங்கிக்க" என்பார் அண்ணாச்சி. சொன்னபடி கொடுத்தும் விடுவார். ஆனால் கார்த்திகையில் என் வீட்டு அரிசிக்கு அது உதவாது.

'அப்போ ஸோஹோ?' என்று கேட்பீர்கள். நம்ம ஊர்ப் பேச்சில் கடைசி வாதம் எப்போதும் ஸோஹோதான். அட்வென்ட்நெட் என்ற பெயரில் 1996ல் தொடங்கி, வெளி முதலீடு வாங்காமலே வளர்ந்து, 2011ல் தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் போட்ட கம்பெனி. பெருமைதான். ஆனால் கதையைக் கவனமாகப் பாருங்கள். முதலில் அவர்கள் விற்றது தொலைத்தொடர்புக் கருவி செய்யும் கம்பெனிகளுக்கான நெட்வொர்க் மேலாண்மை மென்பொருள். 2001 சரிவில் அந்த வாடிக்கையாளர்கள் பலர் காணாமல் போனபோது, மேனேஜ்எஞ்சின் பக்கம் திரும்பினார்கள். 2005ல் ஸோஹோ வந்தது. அது வளர்கிற வரைக்கும் தாங்கிப் பிடித்தது மேனேஜ்எஞ்சின் வருமானம். அதாவது, ஒரு பொருளின் லாபம் அடுத்த பொருளுக்குக் காத்திருக்கும் காலத்தை வாங்கிக் கொடுத்தது. அங்கிருந்து வெளியே வந்தவர் 2010ல் தொடங்கிய ஃப்ரெஷ்ஒர்க்ஸ் அந்தக் காலத்தை முதலீட்டாளர்களிடம் வாங்கியது. 2021ல் நாஸ்டாக் போனது. இரண்டு கம்பெனியும் காத்திருந்த காலத்துக்கு விலை கொடுத்திருக்கின்றன. எங்கிருந்து எடுத்துக் கொடுத்தார்கள் என்பதுதான் வேறு. 'ரீவொர்க்'கில் ஒரு அத்தியாயம் குறைகிறது என்றால், அது இந்த விலையைப் பற்றியது.

என் விஷயத்தில் அந்த விலையைக் கொடுத்தது யார் என்று சொல்லிவிடுகிறேன்.

2013ல் சிங்கப்பூரில் இருந்த மச்சான், "நான் கொஞ்சம் பணம் போடுறேன் மாப்ள, பங்கு மட்டும் எழுதிக் கொடு" என்றான். அப்போதுதான் இந்தப் புத்தகம் முடித்திருந்தேன். வெளிப்பணம் வேண்டாம் என்று ரொம்பக் கம்பீரமாகச் சொன்னேன். அடுத்த புரட்டாசியில் மனைவியின் அஞ்சு பவுன் சங்கிலியை அடகு வைத்தேன். வட்டியை மட்டும் கட்டி கட்டி நாலு தடவை மாற்றி வைத்தோம். அவள் தம்பி வீட்டு வளைகாப்புக்கு மஞ்சள் கயிற்றோடு போய் வந்தாள். "அழுக்கெடுக்கக் கொடுத்திருக்கேன்" என்று நாலு பேரிடம் சொன்னாளாம். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் மதினி சொல்லித்தான் தெரியும்.

அத்தனை வருஷமும் 'என் சொந்த உழைப்பு, சொந்தப் பணம்' என்று நண்பர்களிடம் பேசிக்கொண்டு திரிந்தேன். பார்த்தால், முதலீட்டாளர் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறார். பங்கும் எழுதிக் கொடுக்கவில்லை, கணக்கும் காட்டவில்லை. மச்சானுக்காவது வேண்டாம் என்று ஒரு பதில் சொன்னேன். இவளிடம் கேட்கவே இல்லை.

இதற்குப் புத்தகத்தைக் குற்றம் சொல்ல முடியாது. எழுதினவர்களுக்கு வீரசோழன் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் வெளியார் பணம் வேண்டாம் என்கிறவர், உள்ளே இருக்கிறவர் யார் என்றும் ஒரு வரி கேட்டிருக்கலாம். அந்தக் கேள்வி இல்லாததால்தான், என்னைப் போன்றவர்களுக்கு அந்த அறிவுரை ரொம்ப இனிப்பாக இருந்தது.

அந்த மச்சான் இன்றைக்கு மறுபடி வந்தாலும் அநேகமாக வேண்டாம் என்றுதான் சொல்வேன். வாடிக்கையாளரைப் பார்த்துத் தொழில் செய்வது, முதலீட்டாளரைப் பார்த்துச் செய்வதைவிட நிம்மதி. அதில் புத்தகத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்தப் பதிலை நான் தனியாகச் சொல்ல மாட்டேன்.

புத்தகத்தை வாசியுங்கள், ஒரே நாளில் முடியும். வெளிப்பணம் பற்றிய இடம் வரும்போது மட்டும் மூடி வைத்துவிட்டு, ஒன்றரை வருஷம் விற்பனை இல்லாவிட்டால் வீட்டுச் செலவு எங்கிருந்து வரும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளில் யார் பெயர் வருகிறதோ அவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

சங்கிலி 2019 பங்குனியில் திரும்பி வந்தது. கூட்டுப் பத்திரம் போன மாதம்தான் எழுதினோம். அவள் பெயரில் பாதி.