ஈதர் வாசனை

மேஜிக் பழகும் இளைஞர்கள் கருவி வாங்குவதற்கு முன் பழைய வித்தைக்காரர்களைப் படிக்க வேண்டும். 1830-ஐ ஒட்டி மதராசில் சேஷால் என்பவர் அந்தரத்தில் அமர்ந்து காட்டினார். சின்ன மணை, அதில் நட்ட மூங்கில், அதோடு இணைந்த மான்தோல் சுருள். அதன்மேல் ஒரு கை மட்டும் பட்டிருக்கும்.

1847-ல் பாரிஸில் ராபர்ட்-ஹூடின் என்ற வித்தைக்காரர் தன் மகனை, ஒரு முழங்கை மட்டும் கோலில் ஊன்றியிருக்க, கிடையாக மிதக்கவிட்டார். அறுவைச் சிகிச்சைக்கு மயக்க மருந்தாக ஈதர் புதிதாக வந்து ஊரே அதைப் பேசிக்கொண்டிருந்த நேரம். ஈதரை முகர்ந்ததால் பையன் உடல் லேசாகிவிட்டது என்றார். திரைக்குப் பின்னால் காய்ந்த இரும்பில் ஈதரை ஊற்றி, அரங்கம் முழுக்க வாசனையும் பரப்பினார்கள். என்ன நுட்பம்! வித்தையைவிட அந்த வாசனைதான் என்னை மயக்குகிறது. பிள்ளையின் உடல்நலத்தைக் கெடுக்கிறாரே இந்தத் தகப்பன் என்று கோபித்துக் கடிதம் எழுதியவர்களும் உண்டு.