கட்-ஆஃப் கொடுத்த பேர்

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு நாளிதழ்களின் கல்வி மலர்கள் தடித்துவிடுகின்றன. அவற்றில் எழுதும் ஆலோசகர்கள் சில ஆண்டுகளாக ஒரே பாட்டைப் பாடுகிறார்கள்: சித்தப்பா சொன்னார், பக்கத்து வீட்டுப் பையன் படித்தான் என்று கல்லூரி தேடாதீர்கள், கல்வித் தரம், செலவு, பிள்ளைக்குப் பொருத்தம், இந்த மூன்றையும் பார்த்து முடிவெடுங்கள். தரத்துக்குச் சாட்சியாக மத்திய அரசின் என்ஐஆர்எஃப் பட்டியலை எடுத்து நீட்டுகிறார்கள். வதந்தியின் இடத்தில் அறிவியல் வந்துவிட்டது என்பது அவர்கள் கட்சி.

இதில் நியாயம் இல்லாமலில்லை. 2016-இல் முதல் பட்டியல் வரும்வரை, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு நெடுஞ்சாலை விளம்பரப் பலகையும் புரோக்கரும்தான் வழிகாட்டிகள். செலவு பற்றிய அறிவுரையிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குக் கட்டணத்தைக் குழு நிர்ணயிக்கிறது. முதல் பட்டதாரிச் சலுகை இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வருபவர்களுக்கு அரசே கட்டிவிடுகிறது. பஸ், ஹாஸ்டல், ‘பிளேஸ்மென்ட் டிரெய்னிங்’ என்று கட்டணக் குழுவின் கைக்கு அகப்படாத செலவுகளையும் விசாரித்துக் கூட்டிக்கொண்டால் போதும்.

என் சண்டை தரம் என்கிற அந்த முதல் அளவுகோலோடுதான், நெடுநாள் சண்டை. தமிழ்நாட்டில் ஒரு பொறியியல் கல்லூரியின் பேர் எங்கிருந்து வருகிறது? கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் நிரப்பும் எந்த வீட்டிலும் பார்க்கலாம். முதலில் திறக்கப்படுவது போன வருடத்துக் கட்-ஆஃப். ஓசிக்கு எங்கே முடிந்தது, பிசிக்கு எங்கே, எம்பிசிக்கு எங்கே என்று பென்சிலால் கோடு போடுகிறார்கள். பையன் 191 வைத்திருந்தால், 178-இல் முடிந்த கல்லூரியை யாராவது சொன்னதுமே அம்மாவுக்கு முகம் சுண்டிவிடும்: “அவ்வளவு மார்க்கையும் வீணடிக்கவா?” மதிப்பெண்ணைப் பணமாகப் பாவிக்கிறோம். கையிலிருப்பதை மிச்சமில்லாமல் செலவழித்து, அந்த விலைக்குக் கிடைக்கிற மிக உயர்ந்த சரக்கை வாங்கிவிட வேண்டும்.

விளைவு சுலபமானது. போன வருடம் உயர்ந்த மதிப்பெண்காரர்கள் போனதால் இந்த வருடமும் உயர்ந்த மதிப்பெண்காரர்கள் போகிறார்கள். ஆகவே அடுத்த வருடமும் கட்-ஆஃப் உயரத்திலேயே நிற்கும். இந்தச் சுற்றில் ஆசிரியர் எங்கே? ஆய்வகம் எங்கே? அந்தக் கல்லூரி நாலு வருடத்தில் பிள்ளைக்கு என்ன செய்தது என்ற கேள்வி எங்கே? கட்-ஆஃப் என்பது வாசலில் யார் நின்றார்கள் என்பதற்கான கணக்கு. உள்ளே என்ன நடந்தது என்பதை அது சொல்லாது.

போகிற போக்கில் ஒன்று. கலந்தாய்வு நடக்கும் முறைக்கு இந்தப் பென்சில் கணக்கு பெரிதாகத் தேவையே இல்லை. 2018-இல் ஆன்லைனுக்கு மாறியதிலிருந்து எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் கொடுக்கலாம். தரவரிசைப்படி உங்கள் முறை வரும்போது, உங்கள் பட்டியலில் மேலிருந்து கீழே எது காலியோ அது கிடைக்கும். எட்டாத கல்லூரியை முதலில் போட்டாலும் நட்டமில்லை. பிடித்த கல்லூரி ‘குறைந்த’ கட்-ஆஃப் உடையது என்றால் அதையே முதலில் போடலாம். பட்டியலை எங்கே நிறுத்தலாம் என்று பார்க்கத்தான் பழைய கட்-ஆஃப் உதவும். நாமோ அதை வைத்துப் பட்டியலின் தலையையே தீர்மானிக்கிறோம்.

கட்-ஆஃப் கட்-ஆஃபையே வளர்க்கும் அந்தச் சுற்றை என்ஐஆர்எஃப் உடைக்கிறது என்பதுதான் ஆலோசகர்களின் பதில். உடைக்கவில்லை, அரசு முத்திரை குத்தித் தருகிறது. பொறியியல் பட்டியலில் 100-க்கு 30 ஆராய்ச்சிக்குப் போகிறது: எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள், எத்தனை காப்புரிமை. பதினேழு வயதுப் பிள்ளைக்கு முதல் செமஸ்டர் கணிதம் நடத்தப்போகிறவர் யார் என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் சொற்பம். இன்னொரு 10, பிறர் அந்தக் கல்லூரியை எப்படி மதிக்கிறார்கள் என்பதற்கு. அதாவது பேர் இருப்பதற்காகவே மதிப்பெண். அந்த மதிப்பெண்ணால் மறுபடி பேர்! கற்பித்தலுக்கும் வசதிகளுக்குமாக 30 உண்டு. அதில் ஆசிரியர் எண்ணிக்கை முக்கியமானது. ஆனால் எண்ணிக்கையை எழுதிக் கொடுப்பது கல்லூரியேதான். 2024-இல் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளின் ஆசிரியர் விவரங்களைத் துருவியபோது, ஒரே ஆள் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராக இருந்த அதிசயம் வெளிவந்தது. பல்கலைக்கழகமும் முறைகேட்டை ஒப்புக்கொண்டது. அவை இணைப்புக்காகத் தந்த விவரங்கள். தரவரிசைக்குத் தரும் விவரங்கள் மட்டும் வேறு மையில் எழுதப்படுகின்றன என்று நம்ப எனக்குத் தெம்பில்லை.

சரி, வேலைவாய்ப்பு? அது உள்ளே நடந்ததைத்தானே காட்டுகிறது என்பார்கள். வளாகத்துக்கு வரும் நிறுவனங்களில் பல, பத்தாவது, பிளஸ் டூ, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் வேண்டும் என்று வாசலிலேயே வடிகட்டுகின்றன. பிளஸ் டூ மதிப்பெண்ணால் உள்ளே வந்தவர்களை அதே மதிப்பெண்ணைக் காட்டி மீண்டும் பொறுக்கி எடுத்துவிட்டு, அதைக் கல்லூரியின் சாதனையாக எண்ணுகிறோம்.

தேர்ச்சி விகிதத்துக்கும் இதே கதிதான். ஒவ்வொரு செமஸ்டரும் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதம் வெளியாகும். உடனே அதையும் தரவரிசையாக்கிப் பரப்புகிறார்கள். 190-காரர்களைச் சேர்க்கிற ஒரு கல்லூரி 85 சதவீதம் தேர்ச்சி காட்டுகிறது, 110-காரர்களைச் சேர்க்கிற இன்னொன்று 60 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். எது அதிகம் கற்பித்தது? அந்தப் பட்டியலில் விடை இல்லை. போதாததற்குத் தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே கேள்வித்தாள் எடுத்துத் தாங்களே திருத்திக்கொள்கின்றன. அவற்றை மற்றவற்றோடு ஒரே தராசில் நிறுத்தவே முடியாது.

கெட்டிக்காரப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் சேர்வதே ஒரு கல்வி என்ற வாதம் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி, குரோம்பேட்டை வளாகங்களுக்கும் இன்னும் நாலைந்து வளாகங்களுக்கும் அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கலந்தாய்வில் இருப்பவை 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள். 165-இல் முடிந்ததற்கும் 172-இல் முடிந்ததற்கும் நடுவே என்ன சகவாச வித்தியாசம் இருக்க முடியும்? அந்த ஏழுக்காகத்தான் வீடுகளில் சோறு இறங்காமல் கிடக்கிறது, ஆலோசகர்களுக்கும் அந்த ஏழில்தான் பிழைப்பு ஓடுகிறது.

பொருத்தம் என்ற மூன்றாவது அளவுகோலைப் பேரே விழுங்கிவிட்டது. இன்று அது கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமா என்ற ஒற்றைக் கேள்வியாகச் சுருங்கியிருக்கிறது. 2024-25 முதல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏஐசிடிஇ) இடங்களுக்கான உச்சவரம்பை நீக்கிய பின், அந்தத் துறையில் இடங்களைப் பெருக்கிக்கொள்ளும் வழி கல்லூரிகளுக்கு அகலத் திறந்துவிட்டது. உச்சியில் உள்ள கல்லூரியில் இடம் பெருகினால் அந்த வரிசையில் கீழே உள்ளதற்கு ஆள் குறையும். அது நன்றாகக் கற்பிக்கிற கல்லூரியா என்று கேட்க யாரும் இருக்கமாட்டார்கள். கல்லூரி பஸ் எங்கள் ஊர் விலக்கு வரை வருமா, பெண் இருட்டுவதற்குள் வீடு திரும்புவாளா என்று கேட்கிற தகப்பனை ஆலோசகர்கள் பிற்போக்கு என்கிறார்கள். எனக்கு அவர் பட்டியல் பார்ப்பவரைவிடத் தெளிவானவராகப் படுகிறார். தனக்கு விடை தெரியக்கூடிய கேள்வியையாவது அவர் கேட்கிறார்.

வேறு கணக்கு ஒன்று போட முடியும். பிளஸ் டூ மதிப்பெண் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் இருக்கிறது. யாருக்கு எந்தக் கல்லூரி ஒதுக்கப்பட்டது என்பது தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தில் இருக்கிறது. யார் எத்தனை அரியரோடு, எத்தனை ஆண்டில் பட்டம் வாங்கினார் என்பது அண்ணா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. தன்னாட்சிக் கல்லூரி மாணவருக்கும் பட்டம் தருவது அதுதான். பின்னிரண்டும் ஒரே சர்தார் பட்டேல் சாலையில். மூன்றையும் கோத்து, 150-க்கும் 160-க்கும் இடையில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நாலே வருடத்தில் அரியர் இல்லாமல் முடித்தார்கள் என்று கல்லூரிவாரியாக ஒரு அட்டவணை போடலாம். தன்னாட்சிக் கல்லூரிகளைத் தனி அட்டவணையாகவே போடட்டும். மாணவர் பெயர் ஏதும் வேண்டாம், எண்ணிக்கை போதும். அந்த அட்டவணையில் குறைந்த கட்-ஆஃப் கல்லூரிகள் சில, உயர்ந்த கட்-ஆஃப் கல்லூரிகளுக்கு மேலே வந்து நிற்கும் என்பது என் ஊகம். ஊகம் தப்பென்றால் அட்டவணையை வெளியிட்டே காட்டட்டும்.