45-ஆவது நிமிடத்தில் திடலில் யார்?

மலேசிய ஹாக்கி லீக் நெருங்கிவிட்டால் ரசிகர்கள் ஒவ்வோர் அணிக்கும் பதினொரு பெயரை எழுதிப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். ஆனால் ஹாக்கியில் அந்தப் பதினொருவர் சேர்ந்து ஆடுவது முதல் சில நிமிடங்கள்தான். ஆட்டக்காரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். முன்வரிசைக்காரர் சில நிமிடம் முழு வேகத்தில் ஓடிவிட்டு வெளியே வருவார், மூச்சு வாங்கிக்கொண்டு மீண்டும் இறங்குவார். எனவே எந்த நேரத்தில் யார் திடலில் இருப்பார் என்பதைத்தான் நாம் கணிக்க வேண்டும்.

2023 ஆகஸ்ட் 12, சென்னை. ஆசிய சாம்பியன்ஸ் கிண்ண இறுதியாட்டம். அருள் செல்வராஜின் பயிற்சியில் ஆடிய நம் மலேசிய அணி, அஸ்ராய், ராஸி ரஹிம், அமினுடின் அடித்த கோல்களால் பாதி ஆட்டத்தில் 3-1 என இந்தியாவை முந்தியிருந்தது. மூன்றாம் கால்பகுதி முடியும் தறுவாயில், அதே 45-ஆவது நிமிடத்தில் ஹர்மன்பிரீத் பெனால்டி ஸ்ட்ரோக்கில் ஒன்று, குர்ஜந்த் இன்னொன்று. 56-ஆவது நிமிடத்தில் ஆகாஷ்தீப். 4-3. இன்று நினைத்தாலும் மனம் ஆறவில்லை. கால்கள் களைக்கும் அந்தக் கட்டத்துக்கென்றே அனுபவமுள்ள தற்காப்பாளர்களை ஓய்வு கொடுத்து வைத்திருக்க வேண்டும். தொடக்கப் பட்டியலைவிட எனக்கு இதுவே பெரிது.

அடுத்தது பெனால்டி கார்னர். நடுவர் கார்னர் கொடுத்துவிட்டால் அது முடியும்வரை ஆளை மாற்ற முடியாது; தற்காக்கும் அணியின் கோல் காவலர் காயம்பட்டாலோ இடைநீக்கம் செய்யப்பட்டாலோ மட்டும் விதிவிலக்கு. பந்தை மட்டையால் இழுத்து வீசி டிராக் ஃபிளிக் அடிப்பவர் அந்நேரம் வெளியே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தால் கிடைத்த கார்னர் பாதி வீண். கோட்டிலிருந்து பந்தைத் தள்ளுபவரும், வட்டத்தின் விளிம்பில் அதை நிறுத்துபவரும் இல்லாவிட்டாலும் அதே கதைதான். இந்திய ஹாக்கி லீக்கின் தமிழ்நாடு டிராகன்ஸ் அணி இதைச் சரியாகப் புரிந்துகொண்டது. 2024 ஏலத்தில் நெதர்லாந்தின் யிப் யான்சனை 54 லட்சம் ரூபாய்க்கு எடுத்தார்கள். ஆஸ்திரேலியாவின் பிளேக் கவர்ஸையும் விடவில்லை. இருவரும் ஃபிளிக் அடிப்பவர்கள், ஆனால் ஒருவர் தற்காப்பில், மற்றவர் முன்வரிசையில். ஒருவர் ஓய்வெடுக்கும்போது மற்றவரைத் திடலில் வைத்திருக்கலாம். நம் லீக் அணிகளைக் கணிக்கும்போதும் நான் முதலில் தேடுவது அந்த இரண்டாவது ஃபிளிக்கரைத்தான்.

சமனான ஆட்டத்தின் வெற்றியைத் தீர்மானிக்கும் ஷூட்-அவுட்டையும் மறக்கக் கூடாது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அரையிறுதியில் இந்தியாவை அதில்தான் வென்றோம். இறுதியில் 6-6 சமனுக்குப் பிறகு ஜப்பானிடம் அதில்தான் தங்கத்தை இழந்தோம். 23 மீட்டர் கோட்டிலிருந்து எட்டு வினாடிக்குள் கோல் காவலரை ஏமாற்றத் தெரிந்த ஐவர் எந்தப் பட்டியலிலும் இருக்க வேண்டும்.

மாநில அணிகள் மோதும் ராசாக் கிண்ணத்துக்குப் பினாங்கு அணியைத் தேர்ந்தெடுப்பவர்களிடமும், 45-ஆவது நிமிடத்தில் திடலில் யார் என்றே கேட்கிறேன். மிண்டனிலுள்ள பல்கலைக்கழகத் திடலுக்குப் போனால் கோல் கம்பத்தைப் பார்ப்பதோடு நடுக்கோட்டருகே உள்ள மாற்றுப் பெஞ்சையும் பாருங்கள். யாரை எப்போது அழைக்கிறார்கள், கார்னர் கிடைத்தபோது யார் உள்ளே இருந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். என் பட்டியலில் கோல் காவலருக்கு அடுத்த இரண்டு இடங்களும் ஃபிளிக் அடிப்பவர்களுக்கே. அதில் ஒன்றைப் பள்ளி அணியிலிருந்து வரும் இளைஞனுக்குத் துணிந்து கொடுப்பேன்.