கொல்லன் பட்டறையில் கிடந்த வேல்

புதியதைப் போற்றுவது உலகியற்கை. ஆயினும் நம் இல்லத்துப் பொருள்கள் சில, பழகப் பழகவே பயன் மிகுகின்றன. புதிதாய் வாங்கிய இரும்புத் தோசைக்கல்லில் முதல் நாள் மாவு ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் தடவிச் சுட்டுவரச் சுட்டுவர, அவ்வெண்ணெய் இரும்பின்மேல் மெல்லிய படலமாய் இறுகும். பின்னர்த் தோசை தானே பெயரும். தாயின் கல்லை மகள் விரும்பிக் கேட்பது இதனாலன்றோ? பால்மரம் வெட்டுவோரும் தம் கத்தியைப் பிறர் கையில் எளிதில் கொடார். அதன் பிடி அவர்தம் உள்ளங்கைக்குப் பழகியது.

இவ்வுண்மையைப் பாட்டில் வைத்துக் காட்டியவர் ஔவையார். அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதாகத் தொண்டைமானிடம் சென்றபோது அவர் பாடியதே புறநானூற்றின் 95ஆம் பாட்டு. தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். அங்கிருந்த படைகள் மயிற்பீலியும் மாலையும் அணிந்து, நெய் பூசப்பெற்று, காவல் மிக்க பெருமனையில் இருந்தன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி முனை சிதைந்து, கொல்லனது சிறு பட்டறையில் கிடப்பன என்றார் புலவர்.

இலக்கிய வகுப்பில் இதனை நாம் எவ்வாறு நடத்துகிறோம்? புகழ்வதுபோல் இகழ்ந்தார், இகழ்வதுபோல் புகழ்ந்தார் என்று கூறி, அணியின் பெயரைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த பாட்டுக்குச் செல்கிறோம். அணி பொருந்துவதே, ஆனால் பாட்டு அதனோடு முடியவில்லை. மூன்று இடங்கள் கருதத்தக்கன.

முதலாவது, சுட்டு. அருகில் உள்ள படைகளை அண்மைச் சுட்டாலும், தொலைவில் உள்ள வேல்களைச் சேய்மைச் சுட்டாலும் குறிக்கிறார் ஔவையார். ஆயினும் கண்முன் மின்னுவது மனத்தில் நிற்கவில்லை. காணாத தொலைவில் கிடப்பதே நிற்கிறது.

இரண்டாவது, பட்டறை. பயன்படுத்தினால் மட்டும் பொருள் சிறந்துவிடாது. அம்மி அரைக்க அரைக்க வழுவழுத்துப் போகும். கொத்தினால்தான் மீண்டும் நன்கு அரைபடும். பாட்டின் நடுவே முனை சிதைந்தது என்று கூறிய வேலையே, இறுதி அடியில் கூர்முனை வேல் என்கிறார் புலவர். இது முரணன்று. பட்டறைக்குச் சென்ற வேல் கூராகித் திரும்பும் என்பதே அதன் பொருளென நான் கருதுகிறேன். தேய்வும் செப்பமும் மாறிமாறி வருவதே பயன்படும் பொருளின் வாழ்வு.

மூன்றாவது, வேலுக்கு உரியவன். உணவு இருந்தால் பிறர்க்குக் கொடுப்பவன், குறைந்தால் கூடியிருந்து உண்பவன், வறியோர் சுற்றத்தின் தலைவன் என்று அவன் பாராட்டப்பெறுகிறான். படையைப் பாடுமிடத்தில் சோறு எதற்கு? வேலைப் பூட்டி வையாத கையே சோற்றையும் பூட்டி வைக்கவில்லை. இதனை விட்டுவிட்டால் நம் மாணவர்க்கு இது வெறும் போர்ப் பாட்டாகவே தோன்றும்.

இதனை எழுத எனக்குத் தகுதி உண்டோ என்று ஐயுறுகிறேன். எங்கள் தோட்டப் பள்ளியின் நூலக அலமாரியைப் பல்லாண்டு நானே பூட்டி வைத்திருந்தேன். நூல்களுக்கு அட்டையிட்டு, எண் ஒட்டி, வந்து பார்ப்போர் மெச்சும்படி அடுக்கியிருந்தேன். ஒருநாள் மாலை, இடைநிலைப்பள்ளியில் பயிலும் பழைய மாணவர் சிலருக்கு இப்பாட்டை விளக்கினேன். ஒரு பெண் எழுந்து, "ஐயா, நம் அலமாரியில் இருப்பது தொண்டைமான் வேலா, அதியமான் வேலா?" என்றாள். மற்றவர் சிரித்தனர். நான் சிரிக்கவில்லை.

மறுநாள் பூட்டை அகற்றினேன். இன்று பல நூல்களின் முதுகு நைந்துள்ளது; சிலவற்றில் விரற்கறை படிந்துள்ளது; இரண்டு திரும்பி வரவே இல்லை. வெள்ளிதோறும் மாணவர் பசையும் தாளும் கொண்டு கிழிந்தவற்றை ஒட்டுகின்றனர். அதுவே எங்கள் கொல்லன் பட்டறை.

பயிலப் பயில இன்பம் மிகும் நூலைப் பண்புடையார் நட்புக்கு உவமையாக்கினார் வள்ளுவர். பயிலாத நூலில் அவ்வின்பம் எங்ஙனம் பிறக்கும்? ஆசிரியப் பெருமக்கள் இப்பாட்டை நடத்துமுன் தத்தம் பள்ளி அலமாரியை ஒருமுறை திறந்து பார்ப்பார்களாக. நூல்கள் மிகப் புதியனவாய் இருப்பின் மகிழ வேண்டா, கவலை கொள்க.