அவசரமில்லாத அலை

பொத்துவிலுக்கு வடக்கே விஸ்கி பொயின்ற் என்று ஓர் இடம். சேர்ஃபிங் செய்ய இலங்கையில் அதைப்போல அருமையான கரை இல்லை; அடித்துச் சொல்வேன். நான் சுருவில் ஆள், கடலோடு வளர்ந்தவன். ஆனால் எங்கட தீவுப்பக்கக் கடல் ஆழமில்லாதது, சோழகம் அடித்தாலும் பலகை ஏறிச் சறுக்குமளவுக்கு அலை எழும்பாது. அதற்கு மட்டக்களப்பு, அக்கரைப்பற்று எல்லாம் தாண்டிப் போகத்தான் வேணும். போகலாம், தாராளமாகப் போகலாம்!

பக்கத்திலிருக்கிற அறுகம்குடா என்றால் எல்லாரும் மெயின் பொயின்ற்றைத்தான் சொல்வார்கள். 2019 இல் உலக சேர்ஃப் லீக் போட்டி நடந்த ஊர் அது. நல்ல அலைதான், ஆனால் வேகம், நெரிசல், அடியில் கல்லுப் பார். லோங் போட்காரருக்கு விஸ்கிதான் சரி. ஒன்பது அடிக்குக் குறையாத அந்தத் தடித்த பலகை, அலை உடையுமுன்னரே அதன் மெல்லிய மேட்டைப் பிடித்துக்கொள்ளும். தென் இந்து சமுத்திரத்தில் பிறந்த அலை, வைகாசி முதல் புரட்டாசி வரை இங்கே வந்து, முனைப் பாறையைச் சுற்றி, பாய் விரிகிற மாதிரி வலப்பக்கமாக நீள அவிழும். காலையில் கரைக்காற்று எதிரே நின்று அலையின் முகத்தை வழுவழுவென்று நிமிர்த்தி வைக்கும்.

அலைக்குக் காத்திருக்கிற நேரம் அதில் சறுக்குவதைவிடச் சுகம். பொத்துவில் முஸ்லிம் பெடியன்கள், உல்லை மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள், பாணமைச் சிங்கள இளைஞர்கள், ஒஸ்திரேலியாக்காரர், எல்லாரும் பலகையில் கால்போட்டு இருந்து கதைப்போம். அலை மடியத் தொடங்கும் இடத்துக்கு ஆகக் கிட்ட இருப்பவருக்கே அந்த அலை. எங்கும் அதுதான் சட்டம். இங்கேயோ உரிமையுள்ளவனே விட்டுக்கொடுப்பான்: "நீங்க போங்க அண்ணன், அடுத்தத நான் எடுக்கன்."

அப்படி விட்டுத்தந்த பெடியனே அடுத்த அலையில் எழும்பினான். பலகையின் நடுவிலிருந்து கால்மாற்றிக் கால்மாற்றி மூக்குவரை நடந்தான். பத்து விரலும் விளிம்புக்கு வெளியே! பின்பக்கத்தை அலை அழுத்திப் பிடித்திருந்ததால் பலகை குப்புறவில்லை. கைகளைத் தளரத் தொங்கவிட்டு, றோட்டில் நிற்கிறவன் மாதிரி நின்றான். கரையில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தவர்கள், "மாஷா அல்லாஹ்!" என்று கூவினார்கள். நானும் தொண்டை கட்டக் கத்தினேன்.

பெண்களும் இறங்குகிறார்கள் என்பது எனக்குப் பெரிய சந்தோசம். 2018 இல் அறுகம்குடாப் பெண்கள் தங்களுக்கென்றே ஒரு சேர்ஃப் கழகம் தொடங்கினார்கள். நாட்டில் அதுதான் முதலாவது. வீட்டிலும் ஊரிலும் பேச்சு வாங்கித்தான் தண்ணீருக்கு வந்தார்கள். தாய்மாரும் அதில் இருக்கிறார்கள்.

ஆடி ஆவணியில் போங்கள். பொத்துவிலில் ஓட்டோ பிடித்தால் கூரையிலேயே பலகையைக் கட்டிக் கூட்டிப்போவார்கள். விடியவே இறங்கிவிடுங்கள், வெயிலேறப் பழகுகிற கூட்டம் வந்துவிடும். யாராவது "போங்க அண்ணன்" என்றால் தயங்காதீர்கள், உடனே கைவலியுங்கள்!